புதுச்சேரியில் அயல்நாட்டு மொழியாசிரியர்கள்

புதுச்சேரியில் அயல்நாட்டு மொழியாசிரியர்கள் எனும்போது, புதுச்சேரி நகரிலும் அதனை அண்டிய பகுதிகளிலும் பிரெஞ்சு மொழியையோ ஆங்கிலத்தையோ கற்பிக்கும் வெளிநாட்டுக் குடிமக்கள் குறிக்கப்படுகின்றனர். 1954ஆம் ஆண்டுவரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த இந்நகரில் இத்தகைய ஆசிரியர்கள் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளாக இருந்து வருகின்றனர். இந்தியாவின் பிற நகரங்களில் அயல்நாட்டு மொழியாசிரியர் என்றவுடன் ஆங்கிலம் கற்பிப்பவரே நினைவுக்கு வருவார். புதுச்சேரியில் அவ்விடத்தில் பிரெஞ்சு ஆசிரியரே நிற்கிறார். இது வெறும் வரலாற்று எச்சம் அன்று. இந்திய நடுவண் அரசின் விசா விதிகளும் இவ்விரு வகை ஆசிரியரையும் வெவ்வேறாகவே நடத்துகின்றன.

ஒரு மொழியைப் பிறந்தது முதல் பேசி வருவதே அம்மொழியைக் கற்பிக்கப் போதுமான தகுதி ஆகுமா என்ற வினா உலகெங்கும் மொழிக் கல்வித் துறையில் நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வருகிறது. வேலை கிடைப்பது, ஊதியம், மாணவர் செலுத்தும் கட்டணத்துக்கு ஈடான கல்வி ஆகியன இதற்கான விடையைச் சார்ந்துள்ளன. புதுச்சேரி என்ற ஒரே நகரில் இவ்வினாவுக்கு வெவ்வேறு நிறுவனங்கள் வெவ்வேறு விடைகளைத் தந்துள்ளன.

யார் அயல்நாட்டவர்

புதுச்சேரியில் குடியுரிமை, தாய்மொழி, தோற்றம் ஆகிய மூன்றும் பொருந்தி வருவதில்லை. 1881ஆம் ஆண்டின் பிரெஞ்சு ஆணை ஒன்றின்படி, தமது மரபுவழித் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடியியல் சட்டத்தை ஏற்றுக்கொண்ட இந்தியர்கள் பலர் இருந்தனர். இந்தியாவுக்கும் பிரான்சுக்கும் இடையே 1956 மே 28 அன்று கையெழுத்தான ஒப்படைப்பு உடன்படிக்கை, 1962 ஆகஸ்ட் 16 அன்று முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அப்போது, ஆறு மாத காலத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிவு செய்துகொள்ள இங்குள்ள மக்களுக்கு வாய்ப்பு அளிக்கப்பட்டது. அவ்வாறு தெரிவு செய்தோரின் வழித்தோன்றல்கள் பல ஆயிரம் பேர் இன்றும் பிரெஞ்சுக் கடவுச்சீட்டுடன் புதுச்சேரியில் வாழ்கின்றனர். பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெறுவோர் உள்ளூர்ப் பேச்சில் "சொல்தா" எனப்படுவதும் இவ்வரலாற்றின் தொடர்ச்சியே.

இதனால், சட்டப்படி வெளிநாட்டவரான ஒரு பிரெஞ்சு ஆசிரியர் வீட்டில் தமிழ் பேசுபவராக இருக்கலாம். மறுபுறம், தமிழைவிடப் பிரெஞ்சில் எளிதாக எழுதும் ஆசிரியர் இந்தியக் குடிமகனாக இருக்கலாம். "தாய்மொழியாளர்" என்பதை ஒரு தகுதியாகக் கொள்ளும் விளம்பரங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளாத உண்மை இது.

பிரெஞ்சு ஆட்சிக்காலம்

ஆளுநர் தெபசேன் தெ ரிச்மோன் காலத்தில், 1826இல், புதுச்சேரியில் அரச கல்லூரி தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் ஐரோப்பியக் குடும்பப் பிள்ளைகளுக்காக அமைந்த இந்நிறுவனமே பின்னர் குடியேற்றக் கல்லூரி என்றும், அதன் பின்னர் பிரெஞ்சு லிசே என்றும் பெயர் பெற்றது. சமயத் துறவியரும் மொழிக் கல்வியில் பெரும் பங்கு வகித்தனர். குளூனி தூய யோசேப்பு சபையின் அருட்சகோதரிகள் பெண்களுக்கான பள்ளியை நடத்தினர். 1844இல் தொடங்கப்பட்ட பெத்தி செமினேர் பள்ளி இன்றும் இயங்குகிறது. கலவை சுப்பராயச் செட்டியாரின் கொடையால் 1877இல் தோன்றிய கலவைக் கல்லூரி, உள்ளூர்ப் பிள்ளைகளுக்குக் கல்வியின் கதவைத் திறந்தது. பிரான்சுக்கு வெளியே பிரெஞ்சு மொழியைப் பரப்பும் அலியான்சு பிரான்சேசு அமைப்பின் புதுச்சேரிக் கிளை 1889இல் நிறுவப்பட்டது.

பிரெஞ்சு ஆட்சியில் ஆசிரியர் பணி தேர்வை அடிப்படையாகக் கொண்டது. உள்ளூர்த் தமிழாசிரியர்களுக்கும் இது பொருந்தியது. கலவைக் கல்லூரியில் பயின்ற கனகசுப்புரத்தினம், பிற்காலத்தில் பாரதிதாசன் எனப் புகழ்பெற்றவர், 1909இல் காரைக்காலை அடுத்த நிரவியில் தமிழாசிரியராக அமர்த்தப்பட்டு, 1946இல் ஓய்வு பெறும்வரை அரசுப் பணியில் இருந்தார். தமிழ் தாய்மொழி என்பதற்காக எவரும் தமிழாசிரியராகிவிடவில்லை. தேர்வில் தேற வேண்டியிருந்தது.

ஒப்படைப்புக்குப் பின்

1954 நவம்பர் 1 அன்று நிருவாகம் இந்தியாவிடம் வந்தது. எனினும் பிரெஞ்சுக் கல்வி நிலையங்கள் தொடர்ந்து இயங்க உடன்படிக்கையில் இடமளிக்கப்பட்டது. மக்களின் பிரதிநிதிகள் வேறாக முடிவு செய்யும்வரை பிரெஞ்சு ஆட்சிமொழியாகத் தொடரும் என்றும் அதன் 28ஆம் பிரிவு கூறுகிறது.

லிசே தற்போது, 1990இல் உருவாக்கப்பட்ட வெளிநாட்டுப் பிரெஞ்சுக் கல்விக்கான முகமையின் நேரடி மேலாண்மையில் உள்ளது. இங்குள்ள ஆசிரியர்களைப் பொதுவாக இரு வகையாகப் பிரிக்கலாம். பிரான்சின் கல்வி அமைச்சில் நிலையான பணியில் இருந்து இங்கு அனுப்பப்படுவோர் ஒரு வகையினர். இவர்கள் தம் நாட்டில் கடுமையான போட்டித் தேர்வில் தேறிய அரசு ஊழியர்கள். உள்ளூரில் ஒப்பந்த அடிப்படையில் அமர்த்தப்படுவோர் மற்றொரு வகையினர். இவ்விரு வகையினருக்கும் ஊதிய விதிகள் வேறுபடுகின்றன. இவ்வேறுபாடு குடியுரிமையைப் பொறுத்ததன்று, பணி ஒப்பந்தத்தைப் பொறுத்தது. புதுச்சேரியிலேயே வாழும் பிரெஞ்சுக் குடிமகன் ஒருவரும் உள்ளூர் ஒப்பந்தத்தில் பணிபுரிய நேரலாம். ஒரே பள்ளியில் ஒரே பாடத்தைக் கற்பிப்போரிடையே ஊதியம் வேறுபடுவது, இம்முகமையின் பள்ளிகள் உள்ள பல நாடுகளில் மனக்குறைக்கு இடமாகி வருகிறது.

வயதுவந்தோர்க்குப் பிரெஞ்சு கற்பிக்கும் நிறுவனங்களில் நிலைமை வேறு. பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்டோருக்குப் பிரெஞ்சு இலக்கியம் கற்பிப்பதும், அதனை அறியாதோருக்கு மொழியைக் கற்பிப்பதும் இரு வேறு தொழில்கள் என்பதைப் பிரெஞ்சுக் கல்வித் துறை ஏற்றுக்கொண்டுள்ளது. பின்னதற்குத் தனிப் பட்டங்களும் பட்டயங்களும் உள்ளன. மாணவருக்கான டெல்ஃப், டால்ஃப் சான்றிதழ்கள் 1985 முதல் வழங்கப்படுகின்றன. பாடம் நடத்தியவர் பாரிசில் பிறந்தவரா, முத்தியால்பேட்டையில் பிறந்தவரா என்பதைத் தேர்வுத்தாள் கேட்பதில்லை.

ஆசிரமமும் ஆரோவில்லும்

ஆங்கிலம் கற்பித்தலைப் பொறுத்தவரை புதுச்சேரியின் போக்கு முற்றிலும் வேறானது. இதனை அரவிந்தரிடமிருந்து தொடங்குவது பொருத்தமாகும். 1872இல் கல்கத்தாவில் பிறந்த அவர், ஏழு வயதில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, கேம்பிரிட்சு கிங்சு கல்லூரியில் பயின்றார். ஆங்கிலமே அவர் வளர்ந்த மொழி. தம் குடும்பத்தின் மொழியான வங்காளத்தை, இந்தியக் குடிமைப் பணித் தேர்வுக்காக அங்கிருந்த ஓர் ஆங்கிலேய ஆசிரியரிடமே முதலில் கற்றார். பின்னர் பரோடா கல்லூரியில் பிரெஞ்சும் ஆங்கிலமும் கற்பித்தார். 1910இல் புதுச்சேரிக்கு வந்து இறுதிவரை இங்கேயே வாழ்ந்தார். கடவுச்சீட்டைக் கொண்டு தாய்மொழியாளரை முடிவு செய்யும் இக்கால விதிகளின்படி அவர் ஆங்கிலம் கற்பிக்கத் தகுதியற்றவர் ஆகியிருப்பார்.

1943 டிசம்பர் 2 அன்று ஆசிரமப் பள்ளி தொடங்கப்பட்டது. இது 1952இல் பல்கலைக்கழக மையமாக விரிவடைந்து, 1959 முதல் சிறீ அரவிந்தர் பன்னாட்டுக் கல்வி மையம் என வழங்கப்படுகிறது. அன்னை என அழைக்கப்படும் மிர்ரா அல்பாசா பாரிசில் பிறந்து ஓவியம் பயின்றவர். 1950களில் மாணவர்க்கு அவர் நடத்திய பிரெஞ்சு வகுப்புகள், பின்னர் நூல்களாக வெளிவந்த நீண்ட உரையாடல்களாக வளர்ந்தன. இம்மையத்தில் ஆங்கிலமும் பிரெஞ்சும் பயிற்று மொழிகள். கணிதமும் அறிவியலும் பிரெஞ்சில் கற்பிக்கப்பட்டன. ஆசிரியர்கள் ஊதியம் பெறுவதில்லை. மாணவர்க்குப் பட்டமோ சான்றிதழோ வழங்கப்படுவதில்லை. மாணவரின் திறனைச் சான்றிதழால் அளக்காத நிறுவனம், ஆசிரியரையும் அதனால் அளக்காமல் இருப்பது முரணற்ற நிலைப்பாடே. ஆயினும் இம்முறையை ஊதியமும் கட்டணமும் உள்ள பிற பள்ளிகளுக்கு அப்படியே பொருத்திப் பார்க்க இயலாது.

1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கப்பட்ட ஆரோவில், பெரும்பகுதி தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தில் அமைந்துள்ளது. பல நாட்டவர் வாழும் இங்குள்ள பள்ளிகளில் வெளிநாட்டவர் ஆங்கிலம் கற்பித்து வருகின்றனர். இவர்களுள் பயிற்சி பெற்ற ஆசிரியரும் உண்டு, வேறு தொழில்களிலிருந்து வந்தோரும் உண்டு.

விசா விதிகள்

வெளிநாட்டவர் ஒருவர் இந்தியாவில் ஊதியத்துக்குப் பணியாற்ற வேலைவாய்ப்பு விசா தேவை. தகுதியுள்ள இந்தியர்கள் பெருமளவில் கிடைக்கும் பணிகளுக்கு இவ்விசா வழங்கப்படலாகாது என்பது பொது விதி. இதனை உறுதி செய்யும் வகையில், 2010ஆம் ஆண்டளவில் ஆண்டுக்கு 25,000 அமெரிக்க டாலர் என்ற ஊதியக் கீழ்வரம்பு வகுக்கப்பட்டது. பின்னர் இது 16.25 இலட்சம் ரூபாய் என இந்திய நாணயத்தில் குறிக்கப்பட்டது. தம் நாட்டு உணவைச் சமைக்கும் சமையற்கலைஞர், தூதரகப் பணியாளர் ஆகியோருடன் மொழியாசிரியர்களுக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் இவ்வரம்பிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. ஆனால் அவ்விலக்கில் "ஆங்கில மொழியாசிரியர் நீங்கலாக" என்ற தொடரும் இடம்பெற்றது.

இத்தொடரின் விளைவு புதுச்சேரியில் தெளிவாகப் புலப்படும். ஓரளவு ஊதியத்தில் பிரெஞ்சு கற்பிக்க வரும் பிரெஞ்சு நாட்டவருக்கு விசா கிடைக்க வழி உண்டு. அதே ஊதியத்தில் ஆங்கிலம் கற்பிக்க வரும் ஆங்கிலேயருக்கு அவ்வழி இல்லை. பெரும்பாலான இந்தியப் பள்ளிகளால் அவ்வளவு ஊதியம் தர இயலாது என்பதால், வெளிநாட்டவர் வாழ்வூதியத்துக்காக ஆங்கிலம் கற்பிக்கும் தொழில் இங்கு வளரவில்லை. ஆங்கிலம் கற்பிக்க இந்தியர் போதிய அளவில் உள்ளனர் என்பதே இவ்விதியின் உட்பொருள். ஆங்கில ஆசிரியர் தட்டுப்பாடு என்னும் கருத்தை இந்திய அரசு ஏற்கவில்லை என்றும் இதனைக் கொள்ளலாம்.

சுற்றுலா விசாவில் வருவோர் ஊதியத்துக்குக் கற்பித்தல் கூடாது. ஒரு மாதத்துக்கு மேற்படாத, பணம் பெறாத தொண்டுப் பணிக்கு மட்டும் பிற்காலத்தில் இடமளிக்கப்பட்டது. பதிவு பெற்ற தொண்டு நிறுவனங்களில் ஊதியமின்றிப் பணிபுரிவோருக்குத் தனி விதிகள் உள்ளன.

இதற்கும் மேலாக, இந்தியாவில் முறையான பள்ளிகளில் ஆசிரியராவதற்குத் தனித் தகுதிகள் உண்டு. கல்வி உரிமைச் சட்டம் 2009இன் கீழ், ஒன்று முதல் எட்டாம் வகுப்புவரை கற்பிப்போருக்கான தகுதிகளை ஆசிரியர் கல்விக்கான தேசியக் குழு 2010இல் அறிவித்தது. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் அல்லது கல்வியியல் பட்டம், அதனுடன் ஆசிரியர் தகுதித் தேர்வு ஆகியன இதில் அடங்கும். வெளிநாடுகளில் வழங்கப்படும் குறுங்கால ஆங்கிலப் பயிற்சிச் சான்றிதழ்கள் இவற்றுக்கு ஈடாகக் கொள்ளப்படுவதில்லை.

ஆங்கிலப் பயிற்சிச் சான்றிதழ்கள்

அயல்மொழியாக ஆங்கிலம் கற்பிப்பதற்கான பயிற்சிகள் பொதுவாக "டெஃபல்" என்ற சுருக்கப் பெயரால் அறியப்படுகின்றன. டெஃபல் என்பது ஒரு துறையின் பெயரே அன்றி ஒரு குறிப்பிட்ட பட்டத்தின் பெயர் அன்று. ஆகவே "டெஃபல் சான்றிதழ் பெற்றவர்" என்ற கூற்று தன்னளவில் எதையும் உறுதிப்படுத்துவதில்லை. வார இறுதியில் இணையவழி முடிக்கப்படும் பாடநெறிக்கும் இப்பெயரே, பல மாதப் பயிற்சிக்கும் இப்பெயரே.

ஓரளவு பொது ஏற்புப் பெற்றவை இரண்டு. கேம்பிரிட்சு பல்கலைக்கழகத் தேர்வுத் துறையின் செல்ட்டா, குறைந்தது 120 மணிநேரப் பாடநெறியாகும். டிரினிட்டி கல்லூரி லண்டனின் சான்றிதழ் இதற்கு இணையானது. செல்ட்டாவில் பயிற்சியாளர் உண்மையான மாணவர்க்கு ஆறு மணிநேரம் பாடம் நடத்த வேண்டும். அதனை மதிப்பீட்டாளர் வகுப்பில் அமர்ந்து பார்ப்பார். ஒரு சான்றிதழின் தரத்தை அறிய விரும்பும் மாணவர் முதலில் கேட்க வேண்டியது இதுவே: பாடம் நடத்தியதை எவரேனும் நேரில் பார்த்து மதிப்பிட்டனரா? எனினும் செல்ட்டாவும் ஏறத்தாழ ஒரு மாத முழுநேரப் பயிற்சியே. இந்தியாவில் கல்வியியல் பட்டம் தற்போது ஈராண்டுப் படிப்பாகும்.

பிற நாடுகளின் நடைமுறை

இந்திய விதிக்கு நேர் எதிரான நடைமுறை கிழக்காசியாவில் காணப்படுகிறது. யப்பான் அரசு 1987இல் தொடங்கிய "ஜெட்" திட்டத்தில் உதவி மொழியாசிரியராக வர ஏதேனும் ஒரு துறையில் இளநிலைப் பட்டம் போதுமானது. ஆசிரியர் பயிற்சி கட்டாயமன்று. தென்கொரியா ஐக்கிய அமெரிக்கா, ஐக்கிய இராச்சியம், கனடா, அயர்லாந்து, ஆத்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டுக் குடிமக்களுக்கே ஆங்கில ஆசிரியர் விசாவைப் பொதுவாக வழங்குகிறது. 2010இல் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரியப் பொருளாதார உடன்படிக்கையின் வழி இந்தியருக்கும் ஒரு வாயில் திறந்தது. ஆனால் ஏழு நாட்டவருக்குப் பட்டம் போதும் என்ற இடத்தில், இந்தியர் ஆசிரியர் தகுதிச் சான்றையும் காட்ட வேண்டும். பயிற்சி பெற்றவரைக் கூடுதலாக ஐயுறுவதும், பயிற்சி பெறாதவரைப் பிறந்த இடத்துக்காக நம்புவதும் இங்கு ஒருங்கே காணப்படுகின்றன.

இத்தகைய தளர்ந்த தகுதி விதிகளே, முதுகுப்பையுடன் ஊர்சுற்ற வந்து வழிச்செலவுக்குக் கற்பிப்பவர் என்ற அவப்பெயரை வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர்களுக்குத் தேடித் தந்தன. முறையாகப் பயின்று பல ஆண்டுகள் அத்தொழிலிலேயே இருப்போரும் இப்பெயரைச் சுமக்க நேர்கிறது.

தாய்மொழியாளர் வாதமும் மறுப்பும்

ஆங்கிலத்தைக் கற்பிக்கச் சிறந்தவர் அதன் தாய்மொழியாளரே என்ற கருத்து, 1961இல் உகாண்டாவின் மக்கரேரேயில் நடந்த பொதுநலவாய நாடுகளின் மாநாட்டோடு தொடர்புபடுத்தப்படுகிறது. இதனை ஒரு மாயை என விரிவாக மறுத்தவர் இராபர்ட்டு பிலிப்சன்; மொழிவழிப் பேராதிக்கம் குறித்த அவரது நூல் 1992இல் வெளிவந்தது. இவ்விவாதத்தில் தமிழர் ஒருவரின் பங்கு முதன்மையானது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேசு கனகராசா, போர்க்கால யாழ்ப்பாண வகுப்பறைகளை ஆய்ந்து 1999இல் எழுதிய நூலில், மையநாடுகளில் உருவான கற்பித்தல் முறைகளை விளிம்பிலுள்ள ஆசிரியரும் மாணவரும் எவ்வாறு தம் தேவைக்கேற்ப வளைத்துக்கொள்கின்றனர் என்பதைக் காட்டினார். பின்னர் அவர் ஆங்கிலம் கற்பிப்போரின் பன்னாட்டு அமைப்பான டீசோலின் ஆய்விதழுக்கு ஆசிரியரானார். அவ்வமைப்பு 2006இல், தாய்மொழியாளர் அல்லாத ஆசிரியர்களைப் பாகுபடுத்துவதை எதிர்த்து அறிக்கை வெளியிட்டது.

தாய்மொழியாளரிடம் கிடைப்பவை உண்மையில் உண்டு. இயல்பான ஒலிப்பு, பேச்சுவழக்கு, எந்தச் சொல் எந்த இடத்தில் உறுத்தும் என்ற உணர்வு ஆகியவற்றை நூல்களிலிருந்து பெறுவது கடினம். ஆனால் மாணவர் ஏன் தவறுகிறார் என்பதை அறிய மாணவரின் மொழி தெரிய வேண்டும். தமிழ் மாணவர் "எம்.எல்.ஏ." என்பதை "யெம்மெல்லே" என்பதற்கும், "ஸ்கூல்" என்பதை "இஸ்கூல்" என்பதற்கும் தமிழின் ஒலியமைப்பே காரணம். பிரெஞ்சில் மேசை பெண்பால், நூல் ஆண்பால். அஃறிணைப் பொருள்களுக்கு ஆண், பெண் என்ற பால் பகுப்பில்லாத மொழியிலிருந்து வரும் மாணவருக்கு இது ஏன் கடினம் என்பது உயர்திணை, அஃறிணை வேறுபாட்டை அறிந்த ஆசிரியருக்கு உடனே விளங்கும். மாறாக, பிரெஞ்சில் ஒருவரை அழைக்கும் "த்யூ", "வூ" என்ற இருவகை முன்னிலை, ஆங்கிலேய மாணவரைத் தடுமாறச் செய்யும். "நீ", "நீங்கள்" அறிந்த தமிழ் மாணவருக்கு அதில் விளக்கமே தேவைப்படாது.

வெளிநாட்டு வல்லுநர்களைப் பயன்படுத்துவதில் தென்னிந்தியாவுக்கு வேறு வகைப் பட்டறிவும் உண்டு. 1950களின் இறுதியில் பிரித்தானியக் கவுன்சிலின் துணையுடன் சென்னை மாநிலத்தில் ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. வெளிநாட்டு வல்லுநர் நேரடியாக மாணவர்க்குக் கற்பிக்கவில்லை. அவர்கள் உள்ளூர்ப் பயிற்றுநர் சிலரைப் பயிற்றுவிக்க, அவர்கள் மேலும் பலரைப் பயிற்றுவித்தனர். தொடக்கநிலை ஆங்கில ஆசிரியர் 27,000 பேரைச் சென்றடைவது இலக்கு. உருள உருளப் பெருகும் பனிப்பந்துக்கு ஒப்பிட்டு இதனைச் "சென்னைப் பனிப்பந்து" என்றனர்.

இருபது ஆண்டுகளுக்குப் பின்னர் திசை மாறியது. பிரித்தானியக் கவுன்சிலின் சென்னை அலுவலகத்தில் பணியாற்றிய இந்தியரான என். எசு. பிரபு, இலக்கணத்தை நேரடியாகக் கற்பிக்காமல், கால அட்டவணையைப் படித்தல், வரைபடத்தில் வழி காணுதல் போன்ற செயல்கள் மூலம் ஆங்கிலம் கற்பிக்கும் சோதனையை 1979 முதல் 1984 வரை நடத்தினார். பெங்களூர்த் திட்டம் எனப் பெயர் பெற்ற இது, செயல்வழி மொழிக்கல்வி என இன்று உலகெங்கும் அறியப்படும் முறையின் முன்னோடிகளுள் ஒன்றாகும். செல்ட்டா முதலிய சான்றிதழ்களுக்குப் பயிலும் ஐரோப்பிய மாணவர்களும் இம்முறையைப் பற்றிப் படிக்கின்றனர். அச்சோதனை பெங்களூரிலும் சென்னையிலும் மட்டும் நடக்கவில்லை. புதுச்சேரிக்குத் தெற்கே சிறு தொலைவிலுள்ள கடலூரிலும், புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் மாகே நகரை அடுத்த தலைச்சேரியிலும் இருந்த பள்ளிகளும் அதில் பங்கேற்றன. வகுப்புகளை நடத்தியவர்கள் இந்திய ஆசிரியர்கள்.